யாட்டின் அடிப்பாகத்துக்கு எந்தப் பூச்சு? தேயும் பூச்சு, கடினப் பூச்சு, செம்பு எபாக்சி, சிலிக்கோன்: ஓர் ஒப்பீடு

பாய்மர யாட் ஒன்றைப் பராமரிப்பவர் ஆண்டுதோறும் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை எளிதில் மாற்றிக்கொள்ளக் கூடியவை. கயிறு சரியில்லை என்றால் வேறு கயிறு போட்டுக்கொள்ளலாம். மேல்தளத்து மரத்துக்குப் பூசிய வார்னிஷ் நிற்கவில்லை என்றால் அடுத்த முறை சுரண்டிவிட்டு வேறொன்றைப் பூசலாம். நீர்மட்டத்துக்குக் கீழே பூசப்படும் பூச்சு மட்டும் அப்படிப்பட்டதல்ல. இன்று பூசுவது எதுவோ, அதுவே அடுத்தடுத்த ஆண்டுகளில் அதன் மேல் எதைப் பூசலாம், எதைப் பூசக்கூடாது, படகை எத்தனை நாள் கரையில் நிறுத்தலாம், அடிப்பாகத்தை எப்படித் துடைக்கலாம் என்பவற்றையெல்லாம் தீர்மானித்துவிடுகிறது. ஆகவே கடையில் நிற்கும்போது ‘இருப்பதிலேயே வீரியமான பூச்சு எது’ என்று கேட்பதைவிட, ‘என் படகு ஆண்டு முழுவதும் எப்படி வாழ்கிறது’ என்று முதலில் கேட்டுக்கொள்வதே சரியான தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து.

கடல்நீரில் இறங்கிய எந்தப் பரப்பும் நீண்ட நேரம் சுத்தமாக இருப்பதில்லை. சில மணி நேரத்திலேயே பாக்டீரியாக்கள் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கின்றன. சில நாட்களில் நுண்பாசிகள் சேர்ந்து அது வழுவழுப்பான சளிப்படலமாகிறது. அதன் மேல் பச்சைப் பாசி இழையிழையாக வளர்கிறது. குழாய்ப் புழுக்களும் மட்டிகளும் கொட்டலசு எனப்படும் ஓட்டுயிர்களும் வந்து குடியேறுகின்றன. இவற்றில் கொட்டலசுதான் படகோட்டிகளுக்கு மிகப் பெரிய தொல்லை. அதன் இளம்புழு தன் உணர்கொம்புகளால் பரப்பின் மேல் நடந்து இடம் தேடுகிறது. பிடித்த இடம் கிடைத்ததும் தலைப்பக்கத்தை ஒட்டுப்பசையால் நிரந்தரமாகப் பதித்துக்கொண்டு, சுற்றிலும் சுண்ணாம்பு ஓட்டைக் கட்டுகிறது. ஓட்டைச் சுரண்டி எடுத்தாலும் வட்டமான அடித்தட்டு பூச்சிலேயே தங்கிவிடுகிறது. இப்படி அடிப்பாகம் சொரசொரத்துப்போன யாட் காற்றுக்கு எதிராக ஏற மறுக்கிறது, சுக்கான் மந்தமாகிறது, எஞ்சினுக்குக் குளிர்நீர் இழுக்கும் துளை அடைபட்டால் எஞ்சின் சூடேறுகிறது. இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல என்பதற்கு இவ்வளவு போதும்.

செம்பு இந்த உயிர்களைத் தடுக்கும் என்பது பழைய அனுபவம். பிரிட்டிஷ் கடற்படை 1761இல் ‘அலாரம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுவதையும் செப்புத் தகட்டால் மூடிப் பார்த்தது. பாசியும் மரம் துளைக்கும் கப்பல்புழுவும் அடங்கின. ஆனால் செம்போடு தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் மின்வேதி அரிப்பால் கரைந்துபோயின. செம்பையும் இரும்பையும் கடல்நீரில் தொடவிடக்கூடாது என்ற பாடம் அப்போதே கிடைத்துவிட்டது. அதைவிட முக்கியமான பாடம் 1824இல் வந்தது. ஹம்ப்ரி டேவி என்ற வேதியியலாளர், செப்புத் தகடு கரைந்து வீணாவதைத் தடுக்க இரும்பு, துத்தநாகத் துண்டுகளை அதோடு இணைத்துப் பார்த்தார். செம்பு கரைவது நின்றது. உடனே கொட்டலசுகளும் பாசியும் பழையபடி ஒட்டத் தொடங்கின. கரைவதால்தான் செம்பு காவல் காக்கிறது. கரையாத செம்பு வெறும் உலோகம். இந்த ஒரு உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால், இன்று கிடைக்கும் செம்புப் பூச்சுகளுக்கு இடையேயான வேறுபாடு எல்லாம், செம்பு எந்த வேகத்தில், எந்த வழியில் வெளியேறுகிறது என்பதில்தான் இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

செம்பைவிடக் கடுமையான நஞ்சு ஒன்றும் சில பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தது. டிரைபியூட்டைல்டின் எனப்படும் வெள்ளீயச் சேர்மத்தைக் கலந்த பூச்சுகள் வியக்கத்தக்க அளவு வேலை செய்தன. ஆனால் பிரான்சின் அர்காஷோன் விரிகுடாவில் வளர்க்கப்பட்ட சிப்பிகளின் ஓடுகள் கோணல்மாணலாகத் தடித்தன, குஞ்சுகள் பிழைக்கவில்லை. பிரான்ஸ் 1982இல் சிறிய படகுகளில் அதற்குத் தடை விதித்தது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை 2008இல் நடைமுறைக்கு வந்ததும் உலக அளவில் அது தடுக்கப்பட்டது. சைபியூட்ரின் என்ற பாசிக்கொல்லியும் 2023 முதல் அந்தத் தடைப்பட்டியலில் சேர்ந்திருக்கிறது. பழைய யாட் ஒன்றை வாங்குபவர், அதன் அடியில் பல அடுக்குகளாகப் படிந்திருக்கும் பூச்சில் இவையும் இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையோடுதான் உப்புத்தாளைக் கையில் எடுக்க வேண்டும்.

இனி தேர்வுகளுக்கு வருவோம். மிகப் பரவலாகப் பயன்படுவது தேயும் பூச்சு. இதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, மரப்பிசினை அடிப்படையாகக் கொண்ட மென்மையான எளிய வகை. நீரில் மெல்ல மெல்லக் கரைந்து உதிர்வது. மற்றொன்று, கடல்நீரோடு வேதிவினை புரிந்து மேலடுக்கு மட்டும் சீராகக் கரைந்துபோகும் கோபாலிமர் வகை. ‘தானே மெருகேறும்’ பூச்சு என்று விற்கப்படுவது இதுதான். இரண்டுமே சோப்புக்கட்டி தேய்வதைப் போலத் தேய்ந்து, அடியிலிருந்து புதிய செம்பை வெளிக்காட்டிக்கொண்டே இருக்கின்றன. இதனால் கிடைக்கும் பெரிய நன்மை, ஆண்டுக்கு ஆண்டு பூச்சு தடித்துக்கொண்டே போவதில்லை என்பது. நல்ல கோபாலிமர் பூச்சுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: படகைக் கரையேற்றிச் சில மாதங்கள் நிறுத்தி, பின் மீண்டும் நீரில் இறக்கினாலும், போதிய தடிப்பு மிச்சமிருந்தால் அது வேலை செய்யும். குளிர்காலத்தில் படகைக் கரையில் வைப்பவர்களுக்கு இது பெரிய சௌகரியம்.

இதன் பலவீனமும் அந்தத் தேய்மானத்திலேயே இருக்கிறது. படகு ஓடினால்தான் பூச்சு சீராகத் தேயும். கட்டிய இடத்திலேயே வாரக்கணக்கில் கிடக்கும் படகில் செம்பு வெளிப்படுவது மந்தமாகி, சளிப்படலம் ஏறிவிடும். நீரின் உரசல் அதிகமுள்ள இடங்களில், அதாவது முன்விளிம்பு, கீலின் (அடியில் துடுப்புபோல் நீண்டிருக்கும் பாரமான பகுதியின்) முன்பக்கம், சுக்கானின் ஓரம், நீர்மட்டக் கோடு ஆகிய இடங்களில், மற்ற இடங்களைவிட முன்னதாகவே பூச்சு தீர்ந்துவிடும். அங்கெல்லாம் ஒரு கோட்டிங் கூடுதலாகப் பூசுவது பழக்கமாக வேண்டும். இந்த வகையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்லும் வழிமுறை ஒன்று உண்டு: முதல் கோட்டிங்கை ஒரு நிறத்திலும் அதற்கு மேலே வரும் கோட்டிங்குகளை வேறு நிறத்திலும் பூசுங்கள். நீலத்துக்கு அடியில் சிவப்பு இருந்தால், சிவப்பு எட்டிப் பார்க்கும் இடத்தில் பூச்சு தீர்ந்துவருகிறது என்று கண்ணாலேயே தெரிந்துகொள்ளலாம். எந்த இடம் எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்ற வரைபடத்தையே அடிப்பாகம் உங்களுக்குக் காட்டிவிடும். இதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. தகவலோ பல ஆண்டுகளுக்குப் பயன்படும்.

கடினப் பூச்சு வேறு குணம் கொண்டது. இதில் பூச்சுப் படலம் அப்படியே நிற்கிறது. அதில் பொதிந்திருக்கும் செம்புச் சேர்மம் மட்டும் நீர் பட்டுக் கசிந்து வெளியேறுகிறது. உறுதியான படலம் என்பதால் உப்புத்தாளால் தேய்த்துக் கண்ணாடிபோல் வழவழப்பாக்கலாம், அடிக்கடி தேய்த்துக் கழுவலாம். பந்தயத்தில் ஓடும் யாட்டுகள் இதை விரும்புவது இந்தக் காரணங்களால்தான். ஓதம், அதாவது கடல்மட்டம், இறங்கும்போது சேற்றிலோ மணலிலோ உட்காரும் படகுகளுக்கும் இது ஏற்றது. தேயும் பூச்சாக இருந்தால் ஒவ்வொரு இறக்கத்திலும் கீலின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாக உரிந்துவிடும்.

இதன் குறைகள் இரண்டு. கசிய வேண்டிய செம்பெல்லாம் கசிந்து முடிந்த பிறகும் வெற்றுப் படலம் அப்படியே இருக்கும். அதன் மேல் ஆண்டுதோறும் புதிதாகப் பூசிக்கொண்டே போனால், சில ஆண்டுகளில் அடுக்குகள் தடித்து, வெடித்து, பாளம்பாளமாகப் பெயர ஆரம்பிக்கும். அப்போது எல்லாவற்றையும் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. படகு பராமரிப்பில் அதைவிட அலுப்பான, உடலை வருத்தும் வேலை குறைவு. இரண்டாவது, கடினப் பூச்சுகளில் பல, நீரை விட்டு வெளியே எடுத்து உலரவிட்டால் வீரியம் இழந்துவிடுகின்றன. பருவ முடிவில் கரையேற்றி அடுத்த பருவத்தில் இறக்கும் பழக்கம் உள்ளவர் இதைத் தேர்ந்தெடுத்தால், இன்னும் செம்பு மிச்சமிருக்கும் பூச்சின் மேலேயே ஒவ்வொரு முறையும் புதிதாகப் பூச வேண்டிவரும்.

செம்பு எபாக்சிதான் இந்த ஒப்பீட்டில் மிகவும் யோசிக்க வைப்பது. இரண்டு பாகங்களைக் கலந்தால் கெட்டியாக இறுகும் பிசினான எபாக்சி ரெசினில் சன்னமான செம்புத்தூளைக் கலந்து, ஒரு லிட்டர் ரெசினுக்கு ஏறக்குறைய 2 கிலோ செம்பு என்ற அளவுக்குச் செறிவாக்கி, ரோலரால் பல கோட்டிங்குகளாகப் பூசுகிறார்கள். ஒழுங்காகப் பூசினால் 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ நிற்கும் என்பதே இதன் கவர்ச்சி. ஆனால் அந்த ‘ஒழுங்காக’ என்ற சொல்லுக்குள் நிறைய வேலை அடங்கியிருக்கிறது. பழைய பூச்சு ஒரு துளிகூட இல்லாமல் ஃபைபர்கிளாஸின் வெளிப்பூச்சான ஜெல்கோட் வரையோ எபாக்சி பிரைமர் வரையோ சுத்தமாக எடுத்தாக வேண்டும். ஒரு கோட்டிங் தொட்டால் பிசுபிசுக்கும் நிலையில் இருக்கும்போதே அடுத்ததை அதன் மேல் ஏற்ற வேண்டும். அதனால் முழு அடிப்பாகத்தையும் ஒரே நாளில் முடிக்கும் அளவுக்கு ஆட்களும் நல்ல வானிலையும் வேண்டும். செம்புத்தூள் கனமானது, தட்டில் ஊற்றிய கலவையை இடைவிடாமல் கிளறாவிட்டால் செம்பு அடியில் தங்கி, மேலே வெறும் ரெசின்தான் படகில் ஏறும். பூசி முடித்த பின் இறுகுவதற்குள் மழையோ பனியோ பட்டால் பரப்பு கெட்டுவிடும். நீரில் இறக்குவதற்கு முன் பல நாட்கள் காத்திருக்கவும் வேண்டும்.

அதோடு முடிந்துவிடுவதில்லை. இறுகிய எபாக்சியின் மேல்தோல் செம்பை மூடிக்கொள்வதால், நீரில் இறக்குவதற்கு முன் சன்னமான உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துச் செம்பை வெளிக்கொணர வேண்டும். பழுப்பு நிறப் பரப்பு செம்பு நிறமாக மின்னும்வரை தேய்ப்பதே அளவு. இதைச் செய்யாமல் இறக்கிவிட்டு, ‘பாசி பிடிக்கிறதே’ என்று பொருளைக் குறை சொல்பவர்கள் உண்டு. டேவி கண்ட அதே உண்மைதான் இங்கேயும் நடக்கிறது, மூடிய செம்பு கரைவதில்லை. பின்வரும் ஆண்டுகளில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவதும் அவ்வப்போது மறுபடி தேய்த்துவிடுவதும் போதும். சளிப்படலம் இதில் வராமல் இருக்காது. வரும், ஆனால் மென்மையான துணியால் துடைத்தால் போய்விடும். பல ஆண்டுகள் அதே படகை வைத்திருக்கப் போகிறவருக்கும், ஆண்டுதோறும் சுரண்டியும் பூசியும் களைத்துப்போனவருக்கும் இது நல்ல முதலீடு என்று தயங்காமல் சொல்வேன். இரண்டு மூன்று ஆண்டுகளில் படகை விற்கும் எண்ணம் இருப்பவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். உழைப்பு உங்களுடையதாகவும் பயன் அடுத்தவருடையதாகவும் போகும்.

சிலிக்கோன் பூச்சு நஞ்சை நம்புவதே இல்லை. அதன் பரப்பில் எதுவும் உறுதியாக ஒட்ட முடியாது. ஒட்டினாலும் படகு ஓடும்போது நீரின் உரசலிலேயே கழன்றுவிடும். சூழலுக்கு இதுவே நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ‘படகு ஓடும்போது’ என்ற நிபந்தனை இங்கே மிகக் கடுமையானது. பாய்மர யாட் பெரும்பாலும் மெதுவாகப் போவது, பல நாட்கள் கட்டியே கிடப்பது. சிலிக்கோன் மிருதுவானது, கிரேன் பட்டையோ மிதக்கும் கயிறோ உரசினால் கிழிந்துவிடும். அதன் மேல் வேறு எந்தப் பெயின்டும் ஒட்டாது என்பதால் பின்னர் மனம் மாறினால் திரும்பி வருவது சிரமம். அடிக்கடி நீண்ட தூரம் ஓடும் படகுக்கும், புரொபெல்லருக்கும் இது மிகச் சிறந்தது. வார இறுதியில் மட்டும் அவிழ்க்கப்படும் படகுக்கு அல்ல. அடிப்பாகத்தின் உட்புறம் ஒட்டி அதிர்வலை எழுப்பும் அல்ட்ராசோனிக் கருவிகளை நல்ல பூச்சுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், மாற்றாக அல்ல. நுரைப்பொருள் இடையில் வைத்துக் கட்டிய உடற்பகுதியிலும் மரத்திலும் அதிர்வு சரியாகப் பரவுவதில்லை.

படகு எந்தப் பொருளால் ஆனது என்பது இந்தத் தேர்வுகளில் சிலவற்றை முதலிலேயே அடித்துவிடும். அலுமினிய உடற்பகுதியில் குப்ரஸ் ஆக்சைடு என்ற செம்புச் சேர்மம் கலந்த எந்தப் பூச்சும் ஆகாது. மின்வேதி அரிப்பில் அலுமினியம் குழிகுழியாகத் தின்னப்பட்டுவிடும். அதற்குச் செம்பே இல்லாத பூச்சையோ, அலுமினியத்துக்கென்றே தயாரித்த செம்புத் தயோசயனேட் வகையையோதான் நாட வேண்டும். எஃகுப் படகில் செம்புப் பூச்சுக்கு அடியில் தடித்த எபாக்சித் தடுப்பு அடுக்கு இருந்தாக வேண்டும். பலகை பலகையாகச் சேர்த்துக் கட்டிய மரப்படகு நீரில் ஊறி உப்புவதால், விறைப்பான எபாக்சி பலகைகளின் இணைப்புகளில் வெடித்துவிடும்; அங்கே மென்மையான தேயும் பூச்சே நிலைக்கும். ஃபைபர்கிளாஸ் படகுக்கு எல்லாமே பொருந்தும் என்றாலும் ஒரு இடத்தைக் கவனிக்காமல் விடக்கூடாது. பல யாட்டுகளில் எஞ்சினின் சக்தியை நீருக்குள் கொண்டுசெல்லும் செயில்டிரைவ் கால் அலுமினியத்தால் ஆனது. அடிப்பாகத்துக்கு ஓட்டும் அதே ரோலரை அதன் மேலும் ஓட்டிவிட்டால் அந்தக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். அதற்குத் தனிப் பூச்சு வேண்டும், அதைச் சுற்றிச் செம்புப் பூச்சு தொடாத இடைவெளியும் வேண்டும். துத்தநாக ஆனோடுகளின் மேல் எந்தப் பெயின்டும் படக்கூடாது. பட்டால் தன்னைக் கொடுத்து மற்ற உலோகங்களைக் காக்கும் அவற்றின் வேலையே நின்றுவிடும்.

எங்கே மிதக்கிறோம், எங்கே போகப் போகிறோம் என்பதும் கணக்கில் வரும். கலிஃபோர்னியாவில் 2018 முதல் பொழுதுபோக்குப் படகுகளுக்கான பூச்சிலிருந்து ஒரு நாளில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 9.5 மைக்ரோகிராமுக்கு மேல் செம்பு கசியக்கூடாது என்ற வரம்பு இருக்கிறது. அதே 2018இல் நியூசிலாந்து, வெளிநாட்டிலிருந்து வரும் எல்லாப் படகுகளின் அடிப்பாகமும் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்நிய உயிர்கள் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டு வந்து உள்ளூர்க் கடலைக் கெடுப்பதைத் தடுப்பதே நோக்கம். தொலைதூரப் பயணம் போகிறவர் எந்தத் துறைமுகத்தில், எத்தனை நாளுக்கு முன் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசிக்க வேண்டும். மென்மையான தேயும் பூச்சை நீருக்குள் தேய்த்தால் நிறக் கரைசலாகச் செம்பு மேகம் எழும். பல படகுத்துறைகளில் இதற்கு அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது. உலர்ந்த பூச்சைத் தூசி பறக்கத் தேய்ப்பதும் அவ்வாறே. ஈரமாகத் தேய்த்து, நல்ல முகக்கவசம் அணிந்து, கழிவைத் தரையில் விரித்த ஷீட்டில் சேகரித்து அகற்றுவது, பூசும் வேலையைப் போலவே முக்கியமான வேலை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், பருவத்தில் தவறாமல் ஓடி, குளிர்காலத்தில் கரையேறும் சாதாரண ஃபைபர்கிளாஸ் யாட்டுக்குக் கோபாலிமர் வகைத் தேயும் பூச்சே என் முதல் தேர்வு. ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பான நீரில் மிதந்துகொண்டு, பல ஆண்டுகள் ஒரே உரிமையாளரிடம் இருக்கப்போகும் படகுக்குச் செம்பு எபாக்சி. பந்தய யாட்டுக்கும் ஓதத்தில் தரைதட்டும் படகுக்கும் கடினப் பூச்சு. ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் கரையேற்றி டிரெய்லரில் வைக்கும் சிறு படகுக்கு எந்தப் பூச்சும் வேண்டாம். நன்னீரால் கழுவித் துடைத்தாலே போதும்.

வாங்கிய படகில் ஏற்கெனவே இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால், ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் தாராளமாக ஒட்டினால் அது தேயும் வகை. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் கடினப் பூச்சு. கடினப் பூச்சைச் சற்றே தேய்த்துச் சொரசொரப்பாக்கி அதன் மேல் தேயும் பூச்சைப் பூசலாம். தேயும் பூச்சின் மேல் கடினமானதைப் பூசக்கூடாது. அடியிலிருப்பது மென்மையாக விலகும்போது மேலிருப்பதும் அதோடு பெயர்ந்துவரும். கிரேன் பட்டையில் படகு தொங்கும் அந்தச் சிறிது நேரத்தில், தாங்குகட்டைகள் அழுத்தியிருந்த இடங்களையும் கீலின் அடியையும் மறக்காமல் பூசிவிடுங்கள். கரையில் நிற்கும்போது அந்த இடங்களுக்கு ரோலர் போகாது, கொட்டலசுகளோ முதலில் அங்கேதான் குடியேறும். பூசிய பொருளின் பெயர், தேதி, கோட்டிங்குகளின் எண்ணிக்கை, நீரில் இறக்கிய நாள் ஆகியவற்றைப் படகின் பதிவேட்டில் எழுதி வைத்தால், அடுத்த முறை பூசுபவர், அது நீங்களாக இருந்தாலும் புதிய உரிமையாளராக இருந்தாலும், ஈரத்துணிச் சோதனையை நம்பி நிற்க வேண்டியிராது.